கோர்ட்டுப் படமும் செம்மநத்தம் இறக்கமும்

ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் ஜீவானந்தத்திடம் மட்டும் யாரும் சினிமாப் பேச்சை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் போச்சு. எந்தப் புதுப்படத்தில் தொடங்கினாலும் பேச்சு சுற்றி வளைத்துக் கடைசியில் அவருடைய கோர்ட்டுப் படத்தில் வந்துதான் நிற்கும். அந்தப் படத்துக்கு முறையாக ஒரு பெயர் இருக்கிறது. ஸ்டாண்டில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. "ஜீவாவோட கோர்ட்டுப் படம்" என்றால் பூக்கடை அம்மாவுக்குக்கூடப் புரியும். புரிந்த கையோடு அந்தம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

கருப்பு வெள்ளைப் படம். அரிசி மில் முதலாளி ஒருவர் செத்துக் கிடப்பார். பழி கணக்குப்பிள்ளை மேல் விழும். உண்மையில் கொன்றது முதலாளியின் தம்பி. அன்று சாயங்காலம் அந்தத் தம்பியை மில் வாசலில் இறக்கிவிட்ட ஜட்கா வண்டிக்காரர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். அவர் குடியிருக்கும் வீடே அந்தத் தம்பியுடையது. வாயைத் திறப்பாரா மாட்டாரா என்பதுதான் கதை. முக்கால் படம் கோர்ட்டை விட்டு வெளியே வராது. சண்டை கிடையாது, டான்ஸ் கிடையாது. ஜீவானந்தம் அதைப் போனில் ஏற்றி வைத்துக்கொண்டு, சவாரி இல்லாத நேரமெல்லாம் ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்துப் பார்ப்பார்.

கடைசியில் கணக்குப்பிள்ளையின் வக்கீல் பேசும் நீளமான பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சேர்வராயன் கோயிலுக்கு டூரிஸ்ட்டுகளைக் கூட்டிப் போகும்போது யாராவது வாய் தவறி, "அண்ணா, நீங்க படமெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "கனம் கோர்ட்டார் அவர்களே! இந்தக் கூண்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் எல்லோரும் நிரபராதிகளா?" என்று ஆரம்பிப்பார். பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுத்தாலும் நடுவில் நிறுத்த மாட்டார். கோயில் வாசலில் வண்டி நிற்கும்போது சரியாகத் தீர்ப்பு வரும். சிலர் கைதட்டுவார்கள். பெரும்பாலானவர்கள் வேகமாக இறங்கிவிடுவார்கள்.

ஆள் மலைமேலேயே தலைச்சோலை என்ற ஊர்க்காரர். பங்காளிகள் எல்லாம் காப்பியும் மிளகும் ராகியுமாகக் காட்டோடு கிடக்க, இவர் மட்டும் இளவட்டத்திலேயே ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் விடவில்லை. நல்ல டிரைவர். குடிக்க மாட்டார், வாடகைக்குச் சண்டை பிடிக்க மாட்டார். படத்தைப் பற்றிப் பேசாத நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டிருப்பது சுகமாகவே இருக்கும்.

இந்த மனிதரைத்தான் சேலம் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வரச் சொல்லி சம்மன் வந்தது.

நடந்தது இதுதான். போன வருஷம் மழை விட்ட சமயம், செம்மநத்தம் போகும் குறுகல் ரோட்டில் ஜீவானந்தம் ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார். ரேடியேட்டர் கொதித்ததால் வளைவை ஒட்டி வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் முன்னால் வேலம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். செம்மநத்தத்துக்காரர், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். வழியில் பார்த்தால் ஜீவானந்தம் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்போது மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. அதே ஸ்டாண்டைச் சேர்ந்த ரஞ்சித்தின் ஜீப். ஹார்ன் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. டயர் ஈர ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கடைசி நொடியில் கேட்டது. ஜீவானந்தம் கத்துவதற்குள் வேலம்மாள் ஒரு பக்கம் கிடந்தார், புல்லுக்கட்டு ஒரு பக்கம் கிடந்தது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் அவரால் இனி நடக்க முடியாது, சரிவில் நின்று காப்பிப் பழம் பறிக்கவும் முடியாது.

அந்த ஜீப் ஏன் சத்தமில்லாமல் வந்தது என்று ஸ்டாண்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கிராமத்து ரோடுகளின் இறக்கங்களில் சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை உருட்டிக்கொண்டு போவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். டீசல் மிச்சம். அடிவாரம் இறங்கும் பெரிய மலைப்பாதையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அங்கே பஸ் உண்டு, செக்போஸ்ட் உண்டு. உள் ரோட்டில் கேட்பார் இல்லை. ஆனால் உள் ரோட்டில்தான் தலையில் சுமையோடு பெண்கள் நடக்கிறார்கள். சுமை இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்குவார்கள், கேட்காவிட்டால் நடுவில் நடப்பார்கள். அவர்களுடைய ரோட்டு விதி அவ்வளவுதான்.

போலீஸ்காரர்கள் அன்றைக்கே ஜீவானந்தத்திடம் வாக்குமூலம் வாங்கினார்கள். ஜீப் இறக்கத்தில் வந்தது, அம்மா மேல் மோதியது, நான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்றார். சத்தம் கேட்டதா என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ரஞ்சித்தின் பக்கமோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வளைவில் ஹார்ன் அடித்தோம், அந்தம்மாதான் காது கொடுக்காமல் நடு ரோட்டில் வந்தார் என்று சொன்னது. பார்த்த சாட்சி ஜீவானந்தம் ஒருவர்தான். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கேஸ்.

சம்மன் வந்த மறுநாளே ஸ்டாண்டின் தலைவர் கந்தசாமி வீட்டுக்கு வந்துவிட்டார். சேலத்திலிருந்து மலைக்கு ஏறி வந்து ஓட்டல், லாட்ஜ், ஜீப் என்று ஊன்றிக்கொண்ட மனிதர். குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார், அதுதான் பயம்.

"ஏனுங்க ஜீவா, ரஞ்சித்து பையனுக்குக் கல்யாணமாயி ஒரு வருசங்கூட ஆகலீங்க. லைசென்ஸ் போச்சுன்னா அவம் பொழப்பு போச்சுங்க. உள்ள வேற போட்டுருவானுங்க."

"தெரியுதுங்க."

"நீங்க பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. ஹாரன் சத்தம் கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானுங்க."

கந்தசாமி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார். "உங்களுக்குக் காமாலை வந்து படுத்துக் கெடந்தப்ப உங்க டர்ன ஸ்டாண்டே ஓட்டுச்சுங்களே. அதெல்லாம் நாஞ் சொல்லிக்காட்ட மாட்டனுங்க."

சொல்லிக்காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அப்போது ஜீவானந்தம் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தார். ஆளுக்கு ஒரு நாள் அவருடைய வண்டியை எடுத்து ஓட்டி, வாடகையைக் கொண்டுவந்து அவர் மனைவி ராணியின் கையில் கொடுத்தார்கள். அதிகமாக ஓட்டியவன் அந்த ரஞ்சித்துதான்.

அன்றிலிருந்து மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு வாய் போட்டு, எழுந்து போய் வாசலில் நிற்பார். கழுவின வண்டியையே மறுபடி கழுவுவார். காற்றுப் பிடித்த டயருக்கே திரும்பக் காற்றுப் பிடிக்கப் போவார். சவாரி இல்லாமல் சும்மா ஒரு சுற்று ஏரிப் பக்கம் ஓட்டிவிட்டு வருவார். இறங்கும்போது எங்கே போய் வந்தோம் என்று அவருக்கே தெரியாது. டூரிஸ்ட்டு யாராவது, "படம் பாப்பீங்களாண்ணா?" என்று கேட்டால், "இல்லீங்க" என்றார். ஸ்டாண்டில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் படத்தை விடவில்லை. முன்னைவிட அதிகமாகப் பார்த்தார். வக்கீல் பேச்சு வரும் முன்பே நிறுத்திவிட்டு, ஜட்காக்காரர் கூண்டில் ஏறும் கட்டத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார். இத்தனை காலமும் அந்தக் கட்டம் அவருக்கு வக்கீல் பேச்சுக்கு முன்னால் வருகிற ஒரு தாமதம், அவ்வளவுதான். இப்போதுதான் அதில் என்ன இருக்கிறது என்று கண்ணில் பட்டது.

ஒரு சாயங்காலம் ராணியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இங்க பாரு. இந்த ஆளு கூண்டுல ஏறுனதும் கேமராவ அவரு முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோய் வெச்சுட்டானுங்க. ஏன் தெரியுமா? அவரு மூஞ்சிய நம்ம பாக்கப்படாது. அவரு யார் யாரைப் பாக்கறாரோ அவங்களத்தான் நம்ம பாக்கோணும். பாரு, அத்தனை பேரும் நம்மளையே பாக்கற மாதிரி இல்ல?"

"ஆமா, இருக்குது."

"மியூசிக்கே இல்ல பாரு. அந்த மேல தொங்கற விசிறி ஆடற சத்தம் மட்டுந்தான். கைய பாரு, கைய. கட்டையில நகத்த வெச்சுச் சொரண்டிட்டே இருக்கறாரு. டைரக்டரு சொல்லிக்குடுத்தானா, இவரா செஞ்சாரான்னு தெரீல. இத்தன வருசம் பாத்திருக்கறேன், இந்த நகத்த நான் பாக்கவே இல்ல ராணி."

ஒரு நடிகனின் விரல் நகத்துக்காக ஒரு மனிதர் கண் கலங்குவதை ராணி அன்றுதான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. படத்தில் வண்டிக்காரர், "பார்த்தேனுங்க" என்று ஒரே சொல் சொன்னார். உடனே வாத்தியங்கள் முழங்கின, வக்கீல் அங்கியை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க, இந்த வண்டிக்காரரு அப்புறம் வருவாராங்க?" என்று ராணி கேட்டாள்.

"வர மாட்டாரு."

"குடியிருந்த ஊடு அந்தத் தம்பியோடதுன்னு சொன்னீங்களே. அன்னைக்கு ராத்திரி அந்த மனுசன் பொண்டாட்டி புள்ளையோட எங்க போய்ப் படுத்தாருன்னு படத்துல காட்டலீங்களா?"

காட்டவில்லை. ஜீவானந்தம் படத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். கணக்குப்பிள்ளை விடுதலையாகி, வாசலில் கூட்டம் மாலை போடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக நிறுத்தி நிறுத்தித் தேடினார். வண்டிக்காரர் இல்லை. இவ்வளவு பெரிய படத்தை எடுத்தவன் இந்த ஒரு மனிதனை மறந்துவிட்டானே என்று அவருக்கு முதல் முறையாக அந்தப் படத்தின் மேல் கோபம் வந்தது. ராணியின் மேலும் கோபம் வந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோர்ட்டு என்ன அவர் அவசரத்துக்கா நடக்கும்? முதல் தடவை இறங்கிப் போனபோது மாஜிஸ்ட்ரேட் லீவு. அடுத்த தடவை அரசு வக்கீல் வரவில்லை, வாய்தா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு போய், வராண்டாவில் நின்று கால் கடுத்து, அதே சட்டை கசங்கித் திரும்பி வந்தார். இரண்டு தடவையும் கந்தசாமி அடிவாரத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். "ஒண்ணும் அவசரமில்லீங்க, நல்லா யோசிங்க" என்று அன்பாகச் சொன்னார். யோசித்து யோசித்துத்தான் மனிதருக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. ஹார்ன் கேட்டது என்று சொல்லிப் பார்த்தால் ரோட்டோரம் கிடந்த வேலம்மாளின் முகம் வந்தது. கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தால் வாடகையை ராணி கையில் எண்ணி வைத்த ரஞ்சித்தின் முகம் வந்தது. எது எப்படிப் போனாலும் சரி, இந்தக் கேஸ் ஒரு நாள் முடிந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

மூன்றாம் தடவை கூப்பிட்டார்கள். வாசலில் டவாலி அவர் பெயரைப் பாதி விழுங்கிக் கத்தினார். பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் தன் பெயர் என்று அவருக்குத் தெரிந்தது.

உள்ளே போனால் ஏமாற்றம். கோர்ட்டு என்றால் உயரமான தூண், பெரிய கதவு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்று அவர் மனதில் ஒரு கோர்ட்டு இருந்தது. இது ஒரு சின்ன அறை. டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. கட்டுக் கட்டாகக் காகிதம், அதற்கு நடுவில் இடம் தேடி நிற்கும் வக்கீல்கள், வாசலில் யாரோ போனில் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். மாஜிஸ்ட்ரேட் ஒரு இளவயது அம்மா, தலையை நிமிர்த்தாமல் எதையோ படித்துக்கொண்டிருந்தார். கூண்டு என்பது இடுப்பளவுக்கு ஒரு மரத் தடுப்பு. அதில் ஏறி நின்று, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி சொன்னார். சொல்லும்போது குரல் வக்கீல் வசனம் பேசும் குரலாக வந்துவிட்டது. ஸ்டெனோ பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஜீவானந்தத்துக்கு வெட்கமாகப் போயிற்று.

பின் பெஞ்சில் வேலம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் சுஜாதா, மடியில் ஊன்றுகோலைப் படுக்க வைத்துக்கொண்டு. எதிர்ப் பக்கம் ரஞ்சித்து, அவனுக்குப் பின்னால் கந்தசாமி. படத்தில் பார்த்தது போலவே எல்லோரும் தன்னையே பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தார். இந்த நாலு பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

அரசு வக்கீல் அவசரமாகக் கேட்டார். அன்று எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கமிருந்து வண்டி வந்தது, எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள். எல்லாம் சொன்னார்.

"அப்ப வண்டியில ஹாரன் அடிச்சாங்களா?"

இதுதான் அந்த இடம். ஜட்காக்காரருக்கு இந்த இடத்தில் டைரக்டர் எவ்வளவு நேரம் கொடுத்திருந்தான்! விசிறி ஆடும், நிழல் நகரும், வக்கீல் வந்து பக்கத்தில் நிற்பார், கெஞ்சுவார், மிரட்டுவார், மனச்சாட்சியைப் பற்றிப் பேசுவார். ஜீவானந்தமும் அதற்கெல்லாம் காத்திருந்தார். யாரும் கெஞ்சவில்லை. மாஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவை மேஜையில் தட்டினார். "சீக்கிரம் சொல்லுங்க. இன்னும் கேஸ் இருக்கு."

பொய்யை அடுக்கிச் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

"இல்லீங்க. ஹாரன் அடிக்கலீங்க. எஞ்சின் சத்தமே இல்லீங்க. சாவிய அணைச்சு நியூட்ரல்ல உருட்டிட்டு வந்தாப்லைங்க."

வாத்தியம் முழங்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் அம்மா அதைத் தன் வார்த்தைகளில் ஸ்டெனோவுக்குச் சொன்னார், அவள் தட்டினாள். கந்தசாமி சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். ரஞ்சித்து தரையைப் பார்த்தான். ஜீவானந்தத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கினது போல இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம், முடிந்தது என்று நினைத்தார். கூண்டிலிருந்து இறங்கக் காலைக்கூட எடுத்துவிட்டார்.

"இருங்க" என்றார் ரஞ்சித்தின் வக்கீல் ஹரிஹரன்.

நரைத்த தலை, மெலிந்த உடம்பு. அங்கியை உதறவில்லை, விரலை நீட்டவில்லை. வீட்டில் என்ன பலகாரம் என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். "எஞ்சின் சத்தம் இல்லைன்னு போலீஸ்ல சொன்னீங்களா?"

"இல்லீங்க. அவங்க கேக்கலீங்க."

"சரி. ரஞ்சித்து வண்டிக்குள்ள நீங்க உக்காந்திருந்தீங்களா?"

"இல்லீங்க."

"சாவி அணைஞ்சிருந்ததையோ கியர் நியூட்ரல்ல இருந்ததையோ கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கலீங்க."

"உங்க வண்டி ரேடியேட்டர் கொதிச்சுக்கிட்டு இருந்தது, அந்தச் சத்தம். மலைக்காத்து. இத்தனைக்கும் நடுவுல, தூரத்துல வந்த வண்டி சாவிய அணைச்சு நியூட்ரல்ல வந்ததுன்னு இவ்வளவு உறுதியாச் சொல்றீங்களே. எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமான கேள்வி. அதில் தந்திரம் எதுவும் இல்லை. ஜீவானந்தம் தடுப்பின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாரக்கணக்கில் தூங்காமல் யோசித்ததில் இந்தக் கேள்வியை மட்டும் அவர் யோசித்ததே இல்லை. ரஞ்சித்தை நினைத்திருக்கிறார், வேலம்மாளை நினைத்திருக்கிறார், கந்தசாமியை நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறார். செம்மநத்தம் இறக்கத்தில் தன்னை நினைக்கவில்லை.

"அந்த எறக்கத்துல அப்பிடித்தானுங்க எல்லாரும் உருட்டுவாங்க."

"எல்லாரும்னா யார் யாரு?"

"ஸ்டாண்டுல இருக்கற எல்லாருமுங்க."

"நீங்க?"

மாஜிஸ்ட்ரேட் அம்மா முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"நானுந்தானுங்க" என்றார் ஜீவானந்தம்.

"எத்தனை வருஷமா?"

"வண்டி ஓட்ட வந்ததிலிருந்தேங்க."

ஹரிஹரன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். தன் கட்சிக்காரனை அந்தப் பதில் காப்பாற்றுமா கவிழ்க்குமா என்று அவருக்கே அந்த நேரத்தில் புரிந்திருக்காது. ஸ்டெனோ தட்டி முடித்த தாளில் ஜீவானந்தம் கையெழுத்துப் போட்டார். அடுத்த கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் கந்தசாமி நின்றிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. "நொம்ப சந்தோசமுங்க ஜீவா. கொஞ்ச நாளைக்கு வண்டிய ஊட்டுலயே நிறுத்திக்கங்க. ஸ்டாண்டுக்குக் கொண்டாற வேண்டாமுங்க." கை கூப்பிவிட்டுக் காரில் ஏறிப் போனார். ரஞ்சித்து திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போனான்.

ஜீவானந்தத்துக்கு இது எதிர்பார்த்ததுதான். இதற்காகத்தான் இத்தனை நாள் பயந்தார். வந்த பிறகு அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. காட்டு வேலைக்குப் போகலாம், எஸ்டேட்டு வண்டி ஏதாவது கேட்கலாம், ராணி இரண்டு நாள் திட்டுவாள், பிறகு அவளே வழி சொல்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. பிழைப்பைப் பறிகொடுத்துத்தானே உண்மையைச் சொல்லியிருக்கிறார்! அந்தப் பெருமையோடுதான் வராண்டாப் படியில் உட்கார்ந்திருந்த வேலம்மாளைத் தேடிப் போனார். அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லுவார், தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். மறைத்து என்ன, அதற்காகத்தான் போனார்.

"அக்கா, வாங்க. ஊட்டுல கொண்டாந்து உட்டர்றேன். வண்டி கேட்டுக்கு வெளீலதான் நிக்குது."

வேலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. எதையோ கணக்குப் போட்டுப் பார்க்கிற பார்வை.

"நீ உள்ள சொன்னது நெசமா கண்ணு?"

"நெசந்தானுங்கக்கா. ஹாரன் அடிக்கவே இல்லீங்க."

"அதைக் கேக்கல. நீயும் அப்பிடித்தான் வருவேன்னியே."

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்கக்கா."

"எங்கம்மாகூட நடந்த நாளா அந்த ரோட்டுல நடக்கறேன் சாமி. வண்டிச் சத்தம் கேட்டா ஒதுங்குவேன். கேக்கலைன்னா வண்டி இல்லைன்னுதான நெனச்சிட்டு நடந்தேன்." வேலம்மாள் ஊன்றுகோலைக் கையில் எடுத்தார். "அப்ப அத்தன நாளும் நீங்க எல்லாரும் என்ற முதுகுக்குப் பின்னால வந்துட்டுத்தான் இருந்திருக்கறீங்க. எனக்குத்தான் தெரீல."

சுஜாதா அம்மாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். வேலம்மாள் ஊன்றுகோலைச் சரியாக ஊன்றிப் பார்த்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். ஜீவானந்தம் மறு கையைப் பிடிக்கப் போனார். வேலம்மாள் கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. நாங்க பஸ்ஸுலயே போய்க்கறோம். பஸ்ஸு வந்தா சத்தம் கேக்கும்."

இருவரும் கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனார்கள். வேலம்மாள் ரோட்டின் ஓரத்தை ஒட்டியே நடந்தார். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, உடம்பு முழுவதையும் திருப்பி, பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார்.